மோரில் கரைத்த பெருங்காயம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் நினைத்த நேரத்துக்கு இறங்கி வர முடியாது. அப்படிப்பட்டவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கதி என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை வருடம் அந்தக் கூத்து நடந்தது. வயிறு உப்பும், கால் தளரும், பேன்ட் இடுப்பில் நிற்காது. திருவொற்றியூரில் எந்த வியாதி வந்தாலும் மணலித் தொழிற்சாலைக் காற்றின் மேல்தான் முதல் பழி. சொந்தக்காரர்கள் எனக்கும் அதையே சொன்னார்கள்.

கடைசியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து, குழாய் விட்டுக் குடலையும் பார்த்து, கோதுமையில் இருக்கும் குளூட்டன் எனக்கு ஆகாது என்றார். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எதையும் ஆயுசுக்கும் தொடக் கூடாது, துளிகூட. சோறும் மீன் குழம்பும் இருக்கிறவனுக்கு என்ன குறை என்று நான் சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினேன்.

என் மனைவி அன்றே ரவை, மைதா எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று மாதம் போயும் வயிறு அடங்கவில்லை. அவள் பார்வை மாறியது.

"வூட்ல ஒரு பொட்டு கோதும கெடையாது. அப்ப நீ வெளிய எங்கியோ துன்னுகினு வர."

"சத்தியமா இல்ல."

"பின்ன வயிறு இன்னாத்துக்கு உப்புது?"

கேட்டுக்கொண்டே மோரில் பெருங்காயத்தை நிறையக் கரைத்து நீட்டுவாள். வயிறு உப்பினால் எங்கள் வீட்டில் அதுதான் கைகண்ட மருந்து. எவ்வளவு சண்டை போட்டாலும் அதை மட்டும் நிறுத்தமாட்டாள். இருபது வருடமாக என்னை நம்பியவள் நம்பாமல் போனதுதான் எனக்கு வயிற்றுவலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

ஒரு நாள் காலையில் சண்டை முற்றிவிட்டது. சாப்பிடாமலே திருடன் பட்டம், சாப்பிட்டுவிட்டே வாங்கிக்கொள்வோமே என்று சாயந்திரம் பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் நின்று ஒரு தட்டு அத்தோ தின்றேன். அத்தோ என்றால் பூண்டெண்ணெய் விட்டுப் பிசைந்த பர்மா நூடுல்ஸ், முழுக்கக் கோதுமை. பிரமாதமாக இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் லீவு போட்டேன்.

"துன்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குற்றவாளி நான்தான் என்று நிரூபிப்பதற்காகவே, சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டாகப் படித்தாள். பொடி எழுத்தை போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். மஞ்சள் தூள், சாம்பார் பொடி, உப்பு, எல்லாம் சுத்தம். பெருங்காய டப்பாவை மட்டும் இரண்டு தடவை படித்தாள். நானும் வாங்கிப் பார்த்தேன். பெருங்காயத்தோடு கோதுமை மாவும் கலந்திருந்தது. சாம்பாரில், ரசத்தில், போதாததற்கு மோரில் வேறு.

அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைத் தேடி வாங்கினோம். இரண்டு மாதத்தில் வயிறு சாதுவாகிவிட்டது. இடுப்பில் பேன்ட் நின்றது. கிரேன் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துப் பாட்டுக்கூடப் பாடினேன். ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் கையாலயே குட்துகினு உன்னியே திட்டிகினு இருந்தேன். மன்னிச்சிக்கய்யா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்த மன்னிப்பைப் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு தபா அத்தோ துன்னேன். அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"தெரியும். உன் சட்டைய யாரு தொவைக்கிறா? பூண்டெண்ண வாசம் வூட்டத் தூக்குச்சு. நான் பேசின பேச்சுக்குத்தான் நீ போய்த் துன்னன்னு கம்முனு இருந்தேன்."

மீன் துண்டு இன்னொன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள்.