அரிசி டிரம்முக்குள்ள நிக்கிற பொண்ணு

அதான் மதினி, திரும்ப வர்றாளாம் என் சம்பந்தி. இன்னிக்கு போட்லயே. மாப்பிள்ளை போன் பண்ணாரு, அம்மாவுக்குப் பேரனப் பாக்கணுமாம்னு. பேரனுக்கு என்ன, இருவது நாள்ல மீசையா மொளைச்சிருச்சு? அவ வர்றது புஸ்தகத்துக்கு.

வாசல்ல நிக்காம உள்ள வந்து உக்காரு. எம்மவ புள்ளையக் குளிப்பாட்டிட்டு இருக்கா, காதுல விழாது. நீ அப்ப மாயாபந்தர்ல உன் தங்கச்சி வீட்டுல இருந்த, உனக்கு முழுசா தெரியாது. சொல்ல நெனச்சாலே எனக்கு வாயெல்லாம் இனிக்குது.

போன தடவ ரெண்டு நாளைக்குன்னுதான் வந்தா. புள்ளையப் பாத்தோமா, காப்பு போட்டோமா, கெளம்பினோமான்னு. வந்த அன்னிக்கே கடல் கொந்தளிச்சு போட் எல்லாம் கேன்சல். இந்த லாங் ஐலண்ட்ல எட்டு நாள் மாட்டிக்கிட்டா. போர்ட் பிளேர்ல ஆபீஸ் உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆனவ, நம்ம வீட்டுல என்ன செய்வா? ஒல வச்சு எறக்குன நேரம் போக ஃபேன் சுத்துறதப் பாத்துட்டே உக்காந்திருந்தா. ரெண்டாம் நாள் பையிலருந்து ஒரு தடிப் புஸ்தகத்த எடுத்தா. கடையில வாங்குனதில்ல. வாராவாரம் பத்திரிகையில வந்த தொடர்கதையக் கிழிச்சுக் கிழிச்சுச் சேத்து பைண்டு பண்ணது. மெயின்லேண்ட்ல இருக்கிற அவ அக்கா சேத்தது.

"கல்யாணமாகி நான் கப்பல் ஏறும்போது இந்தக் கதை பாதியில நின்னுச்சு சம்பந்தி. அப்பல்லாம் இங்க பத்திரிக ஒழுங்கா வராது. நாப்பது வருஷமா முடிவு படிக்காமலே கெடந்தேன். அக்கா இப்பத்தான் பரண்லருந்து எடுத்துக் குடுத்தா"ன்னா.

"சத்தமாப் படிங்க, நானும் கேக்குறேன்"ன்னேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே, ரேஷன் கடையில கூட கைநாட்டு.

புள்ள தூங்குற மத்தியான நேரத்துல படிப்பா. நல்லாத்தான் படிச்சா, அதச் சொல்லணும். கதையில ஒரு போஸ்ட்மாஸ்டர் மக. எனக்கு அவள ரொம்பப் புடிச்சுப்போச்சு. எல்லாருக்கும் சோறாக்கி வச்சிட்டுத்தான் சண்டைக்கே நிப்பா. என்னய மாதிரி. ரயில்னா எனக்கு என்ன தெரியும், நான் இங்கயே பொறந்தவ. ரயிலடின்னா போட் வந்து நிக்கிற நம்ம ஜெட்டி மாதிரின்னு வச்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணு மஞ்சப் பையோட அங்க நிக்கிறா, நல்ல மழை, அவ கட்டிக்கப் போறவன் ரயில்ல வரணும். அந்த எடத்துல வந்து நிக்கிது கதை, எட்டாம் நாள். மிச்சம் ஒரு வெரக்கடை தடிப்புக்குத்தான் பக்கம் இருக்கு.

நான் மீன் செதில் உரிச்சுட்டே, "நாளைக்கு அவளுக்குக் கல்யாணம்னா நான் பாயசம் வைக்கிறேன்"ன்னேன். புள்ளைய எடை பாக்க வந்த நர்சம்மா இருந்தா, மீன்காரி இருந்தா.

"பாயசமா? அவ கடைசில கதம் சம்பந்தி. செத்துப் போயிருவா. அக்கா அப்பவே லெட்டர்ல எழுதிட்டா. நாலெழுத்து படிச்சிருந்தா உங்களுக்கே போக்கு தெரிஞ்சிருக்கும்"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா. நர்சம்மாவும் சிரிக்கிறா. மீன்காரியும் சிரிக்கிறா மதினி, அவளும் கைநாட்டுதான்.

சாவு சேதிய அப்படியா சொல்லுவாங்க? ஒரு வாரமா எங்கூடவே இருந்த பொண்ணு அவ.

"எப்படிச் சாவா?"ன்னு கேட்டேன்.

"அது தெரியாது, அதத்தான் படிக்கணும். நாளைக்கு போட்ல உக்காந்து நிம்மதியா முடிச்சிர்றேன். இங்க குறுக்கக் குறுக்கப் பேச்சு"ன்னா.

படிப்ப, படிப்பன்னு நெனச்சுக்கிட்டேன்.

மறுநா காலையில அவ குளிக்கப் போன நேரம், புஸ்தகத்த ரெண்டு பிளாஸ்டிக் பையில சுத்தி அரிசி டிரம்முக்குள்ள எறக்கிட்டேன். மேல ரெண்டு படி அரிசி. ரொம்ப நேரம் தேடுனா. பாய ஒதறுனா, தொட்டில் துணிய ஒதறுனா, கோழிக்கூட்டுல கூட கைய விட்டுப் பாத்தா. எம்மவ என்னய ஒரு மாதிரியாப் பாத்தா. சம்பந்தியே அவகிட்ட சொல்றா, "அவங்கள ஏன் பாக்குற, எழுத்து தெரியாதவங்க எடுத்து என்ன செய்யப் போறாங்க"ன்னு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியாம கெணத்தடிக்குப் போயிட்டேன்.

போட்ல ஏறி உக்காந்தும் அவ கை சும்மா இல்ல, பையத் தொறந்து தொறந்து பாக்குது. நாப்பது வருஷம் காத்திருந்தவ. எனக்கும் ஒரு நிமிஷம் பாவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த மீன்காரி சிரிச்சது ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து மொத வேலையா பாயசம் வச்சேன். நீ ஊர்லருந்து வந்த அன்னிக்கு ஒரு டம்ளர் குடுத்தேனே, என்ன விசேஷம்னு கேட்டியே, அது இதுக்குத்தான்.

தெனமும் போன் பண்றா. "கெடச்சுதா சம்பந்தி?" நானும் தெனமும், "தேடிட்டே இருக்கேன் சம்பந்தி"ங்கிறேன்.

ஏன் அப்படிப் பாக்குற? நீ பத்தாங்கிளாசு படிச்சவதான், தெரியும். பிரிச்சுப் படிச்சுக் காட்டவான்னு மட்டும் கேட்டுறாத. எனக்கு அந்த முடிவு வேணாம். ரயில் வந்தாத்தான அவளுக்கு எதாவது ஆகும்? நான் வரவிடல. எழுதுனவன் அவள ரயிலடி வரைக்கும் கொண்டாந்து விட்டான், அதுக்கு மேல அவ என் பொறுப்பு. காலையில அரிசி அள்ளும்போது கையில பை தட்டுப்படும். இன்னும் மழை விடலையாடின்னு கேட்டுட்டு மூடிருவேன்.

கேட்டியா, போட் ஹாரன். வந்துட்டா. போன தடவயே பாத்தேன், வந்து செருப்பக் கழட்டுன கையோட, "நீங்க உக்காருங்க சம்பந்தி, நான் ஒல வைக்கிறேன்"ன்னு நேரா அடுப்படிக்குத்தான் போவா. டிரம்முல கைய விட்டா போச்சு. எந்திரி, அந்தப் படிய எடு. ராத்திரிக்கும் சேத்து நானே இப்ப அரிசி அள்ளிக் களைஞ்சு வச்சிர்றேன்.