வயிற்றில் தெரிந்த முள்

பேய், பில்லி சூனியம், கனவுப் பலன் எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை கிடையாது. கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்து ரிடையரானவள் நான். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு நெஞ்செரிச்சல் பல வருஷமாக உண்டு. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் விடியற்காலையில் புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். போன மழைக்காலத்தில் வந்தது வேறு மாதிரி. வாயெல்லாம் உப்பும் எண்ணெயும் காரமுமாக, ஜன்மத்தில் நான் சாப்பிட்டிராத ஒரு ருசி. பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது, சாம்பாரில் பூண்டு போட்டாலே எங்கள் வீட்டில் பெரிய விஷயம். வெறும் கஞ்சி குடித்துப் படுத்தவளுக்கு இது எங்கிருந்து வருகிறது?

ஒருநாள் தோப்பும்படியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்துக் கடையில் தேங்காயெண்ணெயில் மீன் வறுத்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். என் தொண்டைக்கு வந்துகொண்டிருந்தது இதுதான்.

வீட்டில் சொல்லவில்லை. என் கணவருக்கு மீன் என்ற வார்த்தையே ஆகாது. எங்கள் ஒரே பையன் ஹரி வெளியில் மீன் சாப்பிடப் பழகி, அதில் தொடங்கிய சண்டை அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே எங்கெங்கோ போய், கடைசியில் வடக்கே ஏதோ ஹோட்டலில் வேலை என்று அவன் கிளம்பிவிட்டான். கொஞ்ச நாள் எனக்கு மட்டும் போன் செய்தான். அப்புறம் அந்த நம்பரும் இல்லாமல் போயிற்று.

நெஞ்சு வலியும் சேர்ந்துகொண்டதும் டாக்டரிடம் போனோம். இரைப்பையின் மேல்பாகம் நழுவி நெஞ்சுப் பக்கம் ஏறியிருக்கும்போல, ஹையாட்டஸ் ஹெர்னியா என்று பெயர், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சி.டி. ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்றார். வெறும் வயிற்றோடு போனேன். மூச்சை இழு, பிடி, விடு என்று மெஷினின் குரல் சொன்னபடியெல்லாம் செய்தேன். முடிந்ததும் ஸ்கேன் எடுத்த பெண் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, மலையாளமும் தமிழுமாகக் கேட்டாள்.

"அம்மா ஒண்ணும் சாப்பிடலைன்னல்லே சொன்னது? வயிறு நிறைய இருக்கல்லோ."

"சாயா கூடக் குடிக்கலை மோளே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் படத்தைக் காட்டினார். ஹெர்னியா இருந்தது, அது அவர் நினைத்ததுதான். கீழே வயிற்றுக்குள் ஒரு சின்ன வெள்ளைக் கோடு. அதை விரலால் தொட்டார்.

"அம்மா மீன் சாப்பிடும் அல்லே? இது முள்ளாக்கும்."

என் கணவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஆட்டோவில் ஏறியதும் கேட்டார்.

"நெஜத்தைச் சொல்லு. எங்கே போய்த் தின்னே?"

"சத்தியமா இல்லே. நான் எங்கே போவேன்?"

முள்ளை எடுக்க மறுநாள் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முள்ளும் இல்லை, சாப்பாடும் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. "கீழே இறங்கிப் போயிருக்கும்" என்றார் டாக்டர். சரி, போயிற்று. உள்ளே எப்படி வந்தது? அதற்கு அவர் மாத்திரை எழுதினார்.

அன்று சாயங்காலம் அந்த ருசியைப் பற்றி எல்லாவற்றையும் என் கணவரிடம் சொன்னேன். ஹரியின் பெயரை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் காப்பி டம்ளரோடு வந்து நின்றார்.

"இன்னிக்கு வந்துதா?"

"வந்தது."

தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு தினமும் இதே கேள்வி. ஒருநாள், "என்ன மீன்?" என்றுகூடக் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. ஒரு காலையில் தொண்டை சுத்தமாக இருந்தது. "வரலை" என்றேன். அவருடைய காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது. மாத்திரை தீர்ந்ததும் வாங்கிவரப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். "கடை பூட்டியிருக்கு" என்றார். அந்தக் கடையைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை. நானும் வேறு கடைக்குப் போகவில்லை.

எரிச்சல் திரும்ப வந்தது. ஆனால் தொண்டைக்கு ஏறியது நான் வைத்த ரசம்தான். மறுநாளும் ரசம்தான். ஹரி அங்கே மீன் சாப்பிடவில்லையா, இல்லை, இதற்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாதா? ஒன்றும் விளங்காமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது இவர் வாசற்படியில் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"வந்தது. மீன்தான்."

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆமாம். எனக்கும் வந்தது. காரம் ஜாஸ்தி."

இந்த வயதுவரை நெஞ்செரிச்சல் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷர். நான் சொன்னது பொய். அவர் சொன்னது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது.