யானை கேட்டது மாம்பழம், பறிபோனது பொன்னுத்தாயி புத்தகம்

பொன்னுத்தாயிக்கு எங்கள் பல்கலைக்கழக நூலகம் செய்தது பச்சை அநியாயம். பழத்தை ஏற்றியது எங்கள் வேன். புத்தகம் நின்றுபோனது அவளுக்கு. நூலக வேனில் தொண்டுக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட சகாக்களே, இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது ஜன்னல் கண்ணாடியை ஏற்றத்தான்.

பெட்டிக் காலம்

ராஜபாளையத்தில் கிளம்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, பிளவக்கல் அணைக்கு அப்பால் மலையடிக் குடியிருப்புதான் கடைசி நிறுத்தம். வேன் வாங்குவதற்கு முன்பு புத்தகங்கள் டிரங்குப் பெட்டியில், பஸ் கூரை மேல் போனதாம். "அப்ப யானைக்குப் பயம் இல்லையாண்ணே?" என்று டிரைவர் செல்லையா அண்ணனிடம் கேட்டேன்.

"இருந்துச்சு தாயி. பஸ்ஸு நெறைய ஆளு, பயத்தைப் பங்கு போட்டுக்கிட்டோம். இப்ப நீயும் நானும்தான."

சப்பட்டை வாசம்

மலையடிக் குடியிருப்பில் இருக்கும் பொன்னுத்தாயி என் வயசுக்காரி. தோப்பு வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறாள். எங்கள் வேனை விட்டால் அவளுக்குப் புத்தகம் கிடையாது.

வாசத்துக்கு யானை வரும் என்று, அந்தப் பாதையில் போகிறவர்கள் பழுத்த பழத்தை அணைப் பக்கத்துக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் மலையடிக்குப் போவார்கள். செல்லையா அண்ணனோ, "பூட்டின வண்டிதான" என்று ஒரு கூடை சப்பட்டை மாம்பழத்தைப் புத்தக அடுக்குக்குக் கீழே தள்ளிவிட்டார். சாயங்காலம், பொன்னுத்தாயி வீட்டுப் பக்கம் நின்ற வேனுக்குள் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன்; செல்லையா அண்ணன் டிரைவர் சீட்டில். கிளை முறிகிற சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கண்ணாடியில் ஈரமாக ஒரு தும்பிக்கை ஊர்ந்தது. "பின்கதவு வழியா கூடையைத் தள்ளுட்டி!" என்று வீட்டுக்குள்ளிருந்து, பழ வாசம் பிடித்துவிட்ட பொன்னுத்தாயி குரல். காலால் உதைத்துத் தள்ளினேன். யானை பின்பக்கம் திரும்பியது, வண்டி முன்பக்கம் பறந்தது.

மறுநாள் போனில் அவள் சொன்னாள்: "ஏட்டி, அது புத்தகம் எடுக்க வரலை. ஒங்க அண்ணன் கூடைக்கு வந்துச்சு."

ரத்து

"யானை நடமாட்டம், நிறுத்தம் ரத்து" என்றார் நூலக அதிகாரி. பரீட்சைக்கோ ஒரு மாதம்கூட இல்லை. விடுவேனா?

"பழம் ஏத்துனது நம்ம வண்டி சார். தண்டனை அவளுக்கா?"

"உயிருக்கு யாரும்மா பொறுப்பு?"

"அங்கயே குடியிருக்காங்களே, அவுங்களுதும் உயிர்தான சார்?"

ஒரு வாரம், தினமும் அவர் மேஜை முன்னால் நின்றேன். ராத்திரியில் கண்ணை மூடினால் கண்ணாடியில் அந்தத் தும்பிக்கை ஊர்ந்தது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. வாதத்தில் ஜெயிப்பது எவ்வளவு ஆபத்து என்று அவர் கடைசியில் தந்த பதிலில்தான் தெரிந்தது:

"சரிம்மா, வியாழக்கிழமையே வண்டி போகட்டும். செல்லையா தனியா போக மாட்டேங்கிறாரு. ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க."