வாய்க்கால் வளைந்த இடம்

கத்தரிக்காய் மூட்டையை, யார் கையும் படாமல், தலையிலிருந்து அந்தக் கல்லுக்கு நகர்த்திவிட்டு மச்சான் மூச்சு வாங்க நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கி, திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு மூட்டையோடு நடப்போம். வழியில்தான் அந்தக் கல்: இரண்டு கல் தூண், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். பக்கத்துக் கடைக்காரர் அதில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருப்பார். சுமைதாங்கி என்று தெரியும். ஆனாலும் எத்தனையோ முறை கவனிக்காமல் கடந்திருக்கிறோம். அக்கா போன பிறகுதான் அது கண்ணில் பட்டது.

அக்கா நிறைமாதத்தில் இறந்தாள். வயிற்றுச் சுமையை இறக்காமலே போன பெண்ணுக்காக, வழியில் போகிறவர்கள் சுமை இறக்க ஒரு கல் நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சான் ஊரில் கேட்டுப் பார்த்தார். "ரோடு போட்டு பஸ் வந்துருச்சு, இப்ப எவன்யா தலச்சுமை தூக்குறான்?" என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவர் டவுன் கல்லில் நிற்க ஆரம்பித்தார். டயர்களை எடுத்து ஓரமாக வைப்பார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த நான்தான் கல்லைத் தடவி எழுத்து தேடினேன். ஒன்றும் இல்லை. யாருடைய மகளோ, எந்தக் காலத்தவளோ. "பேரு இல்லாததும் நல்லதுதான் அப்பு" என்றார் மச்சான்.

ஒரு நாள் காலையில் போனால் கல்லுக்கு எதிரே பொக்லைன் நிற்கிறது. சாக்கடை வாய்க்காலை நேராகத் தோண்டிக்கொண்டு அதுவரை வந்துவிட்டார்கள். மச்சான் மூட்டையைக் கல்லின் மேல் இறக்கினார்.

"எடுங்கய்யா, கல்லப் பேக்கணும்" என்றார் டிரைவர்.

"சுமை இருக்கையில கல்ல ஆட்டக் கூடாதுப்பா."

"அப்ப மூட்டையத் தூக்குங்கய்யா."

"மச்சினனுக்குக் கை வலி. தூக்கிவிட ஆளில்ல."

"சுமைதாங்கியில தூக்கிவிட ஆளு எதுக்குய்யா? யாருகிட்ட கத விடுறீரு!"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையை மடக்கிக்கொண்டு நின்றேன். அப்போது கீரைக்கூடையோடு வந்த ஓர் அம்மா, மூட்டைக்குப் பக்கத்தில் கூடையை இறக்கினார்.

"ஒத்தையில இறக்கி ஏத்துற கல்லு. இதையாய்யா ஒடைக்கப் போறீக?"

"நீயும் சேந்துட்டியா ஆத்தா!"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு மேஸ்திரிக்குப் போன் செய்துவிட்டு, டீ குடிக்கப் போனார். அன்று சந்தை முடிந்தும் எங்கள் கத்தரிக்காய் கல்லின் மேலேயே வாடிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் வந்த மேஸ்திரி வாடிய மூட்டையையும் மச்சானின் முகத்தையும் பார்த்தார். பிறகு, வாய்க்கால் தோண்டக் கட்டியிருந்த குறிக்கயிற்றைக் கல்லைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார்.

மச்சான் இப்போது இல்லை. போன வாரம் அந்த வழியாக நடந்தேன். கேஸ் சிலிண்டர் சுமந்து வந்தவர் அதைத் தோளிலிருந்து கல்லுக்குச் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்தார். காலடியில் பார்த்தவர், "நேரா வந்த வாய்க்கா இங்க மட்டும் ஏண்ணே கோணிக்கிட்டுப் போகுது?" என்று கேட்டார். தெரியாதவர்களிடம் நான் பேசுவதே குறைவு. ஆனாலும் சொன்னேன்.

"எங்க அக்கா கல்லு தம்பி."