லண்டனுக்கு ஏழு மணி நேரம்

லோரி ஓட்டுகிறவனுக்குத் தூரம் என்பது மணிக்கணக்குதான். ஈஜோக் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றினால் எண்ணெய் ஆலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது. மகள் தாதி வேலைக்கு லண்டன் கிளம்பிய அன்று அவள் டிக்கெட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். புறப்பாடு காலை பத்து, போய்ச் சேர்வது மாலை ஐந்து. ஆக ஏழு மணி நேரம். பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்று அவளே சொல்லியிருந்தாள். அதை ஏழால் வகுத்திருந்தால் எந்த விமானமும் அந்த வேகத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு போகாது என்று எனக்கே புரிந்திருக்கும். வகுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் அவள்.

ஐந்து மணிக்கு அழைப்பு வரவில்லை. ஐந்தரைக்கு நானே கூப்பிட்டேன். அவள் போன் அடைத்தே கிடந்தது. ஆறு மணி வரை விடாமல் கூப்பிட்டேன். கிளம்பிய விமானம் போய்ச் சேராமலே போனதைப் பார்த்த நாடு இது. மனைவி ரவாங் தொழிற்சாலையில் இருந்தாள். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவாள். வைக்காவிட்டாலும் அவளிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. பத்தாங் காலியில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"புள்ள இன்னும் எறங்கலண்ணே. போனும் போகல."

"நீ வீட்டுலயே இரு. நான் வரேன்" என்றார்.

நாங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். நல்லதுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். கெட்டதுக்கு யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை, காதில் விழுந்ததும் வந்துவிடுவார்கள். அண்ணன் நாலு பேருக்குச் சொல்லியிருப்பார் போல. ஏழு மணிக்குள் தெரு நிறைய கார்கள். யாரோ கோயில் நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் வரிசையாகப் போட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா அடுப்படிக்குப் போய்க் கடுங்காப்பி கலக்கினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். தடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஏழரைக்குத் தொழிற்சாலை பஸ் தெரு முனையில் நின்றது. மனைவி இறங்கி நாற்காலிகளைப் பார்த்தாள். ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"யாருங்க? யாருன்னு சொல்லுங்க."

டிக்கெட் படத்தை நீட்டினேன். "அஞ்சு மணிக்கே எறங்கியிருக்கணும்."

அவள் அதை இரண்டு முறை பார்த்தாள். "அது அந்த ஊரு மணி லா. இப்ப அங்க மத்தியானம் பன்னெண்டரை. இன்னும் நாலரை மணி நேரம் இருக்கு. புள்ள பறந்துகிட்டு இருக்கு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது; பழக்கதோஷத்தில் அன்றும் யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

மனைவி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "உசுரோட இருக்கற புள்ளைக்கு எழவு வீடு வச்சிட்டீங்களே" என்றாள். கத்தவில்லை.

அந்த நாலரை மணி நேரம், விமானத்துக்கு ஏதாவது ஆனால் அது என் கைவேலைதான் என்று நான் முழுசாக நம்பினேன். நடுராத்திரிக்கு மேல் மகள் இறங்கிக் கூப்பிட்டாள். "அப்பா, பயந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். இல்லை என்றேன்.

நாற்காலிகளைப் பற்றி இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறாள். எத்தனை மணிக்கு விமானம் ஏறுகிறாய் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.