முப்பது கல்லறை பிஸ்கட்

ஞானேஸ்வரனுக்கு எழுத்து வரும். வேறு என்ன வரும் என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழ்க் கேக் கடையில் ஒன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை, கேக்கின் மேல் பெயர் எழுதுவது. மா அடிப்பது ஒருவர், சுடுவது இன்னொருவர். ஐசிங் பை கைக்கு வந்தால் மட்டும் இவர் ராஜா. ஆறு அங்குலக் கேக்கில் 'அபிநயாஸ்ரீ' என்ற பெயரையும் பதினெட்டாவது பிறந்தநாள் வாழ்த்தையும் எழுதி, நடுவில் ஒரு ரோசாப்பூவுக்கும் இடம் விடுவார்.

இந்தக் கோடையில் முதலாளி ஹரோவில் இரண்டாவது கடை திறந்தார். 'எழுத்துக்காரர் புதுக் கடைக்கு வரவேணும்' என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால் ஞானேஸ்வரனும் மனைவி குமுதினியும் ஒன்பது வயது மகள் தர்மிகாவும் மூட்டை கட்டிக்கொண்டு லண்டனின் தெற்கிலிருந்து வடக்கே வந்தார்கள். பெரியவர்களுக்கு இடம் மாறினால் பஸ் இலக்கம் மட்டும்தான் மாறும். தர்மிகாவுக்கோ பள்ளிக்கூடமே மாறிவிட்டது.

வாடிக்கையாளர்களிடம் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பெயரை அவர்கள் தங்கள் கையால் எழுதித் தரவேண்டும். அதை அவர் எழுத்து எழுத்தாகத் திருப்பி வாசிப்பார். "அண்ணை, என்ர பிள்ளையின்ர பேர் எனக்குத் தெரியாதோ?" என்று சிலர் சினப்பார்கள். அவர் அசையமாட்டார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வயதில் அவர் போர்டு எழுதுகிறவர். கடைப் பெயர், மினிபஸ் பெயர், செத்தவீடு வந்தால் சந்தியில் கட்டும் கண்ணீர் அஞ்சலித் துணி. ஒரு தெருவில் இரண்டு இராஜேந்திரன்கள் இருந்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் ஒருவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் மற்றவர். மனேஜர் போய்ச் சேர, இவர் அவசரத்தில் தபாலதிபர் என்று எழுதிவிட்டார். விடிய சைக்கிளில் சந்தியால் வந்த தபாலதிபர் தன் பெயரைப் பார்த்து இறங்கினார். நேரே இவர் போர்டு எழுதும் கடைக்கு வந்தார். ஏசவில்லை. "தம்பி, எழுத்து நல்ல வடிவு. நான் இருக்கேக்கையே பாக்கக் கிடைச்சுது" என்று சிரித்து, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் ஆள் இல்லை. அவருக்கு எழுபத்தெட்டு வயது, நெடுநாள் இழுப்பு வருத்தக்காரர். அதனால் போனாரோ, துணியால் போனாரோ, ஞானேஸ்வரனுக்கு இன்றுவரை தெரியாது.

அது போக, ஒக்டோபர் பிறந்தாலே அவருக்குத் தலை சுற்றும். மாதக் கடைசியில் வரும் ஹலோவீன் பேய்க் கொண்டாட்டத்துக்கு விரல் மாதிரி பிஸ்கட் கேட்பார்கள். அவர் பாதாம்பருப்பை நகமாகப் பதித்து, ஒழுங்காக வரிசை கட்டிக் கொடுப்பார். "இன்னும் கொஞ்சம் அருவருப்பா வரட்டுமே" என்றார் ஒரு தாய். வடிவாகச் செய், வடிவாகச் செய் என்று ஆயுள் முழுக்க ஏச்சு வாங்கிய மனிதரிடம் வடிவில்லாமல் செய்யச் சொன்னால் அவர் எங்கே தொடங்குவார்? நகத்தைக் கொஞ்சம் சரித்து வைத்தார். அந்தத் தாய்க்குப் பரம திருப்தி. அதுவும் அவருக்கு விளங்கவில்லை.

ஆனால் இந்த வருடக் குழப்பம் கடையிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அரைத்தவணை லீவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, தர்மிகா பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை கிளாஸில ஹலோவீன் பார்ட்டி. நான் எல்லாருக்கும் கல்லறை பிஸ்கட் கொண்டு வாறன் எண்டு சொல்லிட்டன்."

"என்ன பிஸ்கட்?"

"கல்லறை அப்பா. சாம்பல் கலர். மேல ஆர்.ஐ.பி. கீழ அவையவையின்ர பேர். உங்களுக்குத்தானே லெட்டர்ஸ் வடிவா வரும்."

ஆர்.ஐ.பி. என்றால் அவருக்கு நன்றாகத் தெரியும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மரணச் செய்தி விழுந்தால் பத்து நிமிடத்தில் நாற்பது பேர் அதைத்தான் போடுவார்கள். அவருக்கு மிச்சம்தான் விளங்கவில்லை.

"உயிரோட இருக்கிற பிள்ளையளின்ர பேரையோ?"

"ஓம், அதுதானே ஃபன்!"

அவள் ஒரு தாளை மேசையில் விரித்தாள். முப்பது பெயர், இலக்கம் போட்டு, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில். வாடிக்கையாளர்கள் எழுதித் தரவேண்டும் என்ற அவருடைய சட்டத்தைப் பிள்ளை அச்சொட்டாகக் கடைப்பிடித்திருந்தாள். முதலாவது எமிலி. இரண்டாவது யூசுப். பதினேழாவது தர்மிகா.

"என்னால ஏலாது குஞ்சு."

"ஏன்?"

அவர் யோசித்தார். தபாலதிபர் கதையைச் சொன்னால் பிள்ளை சிரிக்கும், அல்லது பயப்படும். இரண்டும் வேண்டாம்.

"தெரியாது" என்றார்.

"தெரியாது எண்டுறது ஒரு காரணமில்லை அப்பா" என்றாள் தர்மிகா, அவளுடைய டீச்சரின் குரலில். பிறகு குரல் இறங்கியது. "எமிலி இண்டைக்கு எனக்குப் பக்கத்தில வந்து இருந்தவ. தன்ர பேரைச் சுருள் எழுத்தில எழுதட்டாம். பிஸ்கட் தானே அப்பா."

அங்கேதான் அவர் விழுந்தார். செப்டெம்பர் தொடங்கி ஏழு கிழமையாக அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் பெயர்கூடப் பேச்சில் அடிபட்டதில்லை. மத்தியானம் ஆரோடு சாப்பிட்டாய் என்று கேட்டால் அவள் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்லுவாள். இப்போது ஒரே தாளில் முப்பது பெயர். எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை பிள்ளையின் முகத்தில் கரி. எழுதினால் முப்பது பிள்ளைகளின் பெயர் கல்லறையில், அதில் ஒன்று தான் பெற்றது.

அடுத்த நாள் குமுதினியிடம் கேட்டார். கந்தசஷ்டி தொடங்கி அவள் பால் பழத்தோடு இருந்தாள். விரதகாரரிடம் கேட்கிற கேள்வியா இது?

"விரத நாளில வீட்டுக்குள்ள கல்லறை கட்டப்போறியளோ? ஒரு சொட்டும் கூடாது" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மேலே குளியலறையிலிருந்து தர்மிகா பாடுவது கேட்டது. ஹரோவுக்கு வந்த பிறகு அவள் பாடியதே இல்லை. குமுதினி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, எழுதிக் குடுங்கோ."

"இப்பத்தானே கூடாதெண்டனீர்?"

"அது அப்ப."

பின்னேரம் கோவிலில் ஐயரைப் பிடித்தார். ஐயர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "பிஸ்கட்டில எழுதக்கூடாதெண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லை. எழுதலாம் எண்டும் சொல்லேல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ர மகன்ர பள்ளிக்கூடத்திலயும் ஏதோ பேய்ப் பலகாரம் கேக்கினம். முட்டை போடாமல் செய்வியளோ?" என்றார். பதில் வாங்கப் போன மனிதர் ஓர்டரோடு திரும்பி வந்தார்.

வியாழக்கிழமை மத்தியானத்தோடு கடை வேலை முடிந்தது. குமுதினி ஷிப்டில், தர்மிகா பள்ளிக்கூடத்தில். வீட்டுக் குசினியில் முப்பது பிஸ்கட் சுட்டார், மேல்பக்கம் வளைந்து, கீழ்ப்பக்கம் நேராக. வெள்ளை ஐசிங்கில் ஒரு துளி கறுப்புக் கலந்து பூசினார். மழையில் நனைந்த கல்லின் நிறம் அப்படியே வந்தது. ஆர்.ஐ.பி. முப்பதும் தடங்கலில்லாமல் போயிற்று. பிறகு தாளை எடுத்தார்.

எமிலி. பை நுனியைக் கல்லில் வைத்தார். இருபத்தைந்து வருடமாகக் கோணாத எழுத்து கோணியது, வழித்தெடுத்தார். சரி, யூசுப். அதுவும் கோணியது. அந்தப் பிள்ளைகளின் முகம்கூட அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, அவர்களுக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்களே. பதினேழாம் இலக்கத்தைப் பார்க்க மனமில்லாமல் தேத்தண்ணிக் கோப்பையை அதன் மேல் வைத்தார்.

கை ஒரு வழிக்கு வரட்டும் என்று, ஒரு கல்லில் சும்மா தன் பெயரை எழுதிப் பார்த்தார். ஆங்கிலத்தில், 'ஞானேஸ்' என்று சுருக்கமாக. எழுத்து கோணவில்லை. இன்னொன்றில் எழுதினார். அதுவும் வடிவாக வந்தது.

மனிதருக்குக் குழப்பம் முற்றினால் கெட்டித்தனம் போல ஒன்று வந்து நிற்கும். பெயர்தானே வேண்டும், பெயர் இருக்கிறது. எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நாவூறு பட்டாலும் முப்பதுக்கும் ஒரு ஆள்தான். ஞானேஸ்வரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தன்னைத் தானே முப்பது தரம் அடக்கம் செய்தார். மினிபஸ் எழுத்தில் ஒன்று, பாங்க் போர்டு எழுத்தில் ஒன்று, எமிலிக்காகச் சுருள் எழுத்தில் ஒன்று. அந்தக் கிழமையிலேயே அப்போதுதான் அவருக்குச் சந்தோசமாக இருந்தது.

தட்டை மூடிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய் மகளைக் கூட்டி வந்தார். அவள் கோட்டோடு குசினிக்குள் ஓடினாள். அவர் பின்னால் நின்று, வரப்போகிற ஏச்சுக்கு வாயில் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

தர்மிகா முதலாவதை வாசித்தாள். இரண்டாவதை வாசித்தாள். சிரிக்கத் தொடங்கிய முகம் மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டது.

"இது ஏன் உங்கட பேர்?"

"அவையளின்ர பேரை எழுதக் கை வரேல்லைக் குஞ்சு. அதுதான்."

"எல்லாத்திலயுமா?"

"பிஸ்கட் தானே" என்றார் அவர். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவள் சொன்னதை நம்பித்தான் சொன்னார்.

அவள் அழத் தொடங்கினாள். பொருள் கேட்டு அழுகிற அழுகை இல்லை. மூன்று வயதில் ஒருமுறை சந்தைச் சனத்துக்குள் அவரைத் தவறவிட்டு இரண்டு நிமிடம் அழுதாளே, அந்த அழுகை.

"அழியுங்கோ. இப்பவே அழியுங்கோ அப்பா!"

அவர் அசைவதற்குள் அவளே பட்டர்க் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். அவரும் ஒரு கரண்டியோடு உட்கார்ந்தார். காய்ந்த ஐசிங் இலேசில் வரவில்லை. எழுத்து போகும்போது கல்லின் நிறத்தையும் பிய்த்துக்கொண்டு போனது. முதல் வரிசை முழுக்க அவள் விம்மினாள். மூன்றாவது வரிசையில் விம்மல் நின்று, நாக்கு வெளியே வந்தது, கவனமாக வேலை செய்யும்போது வருவது போல. ஒவ்வொரு பிஸ்கட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். ஒன்றில் முதலெழுத்தின் வளைவு மிஞ்சியிருந்தது. பிஸ்கட்டின் சதை தெரியும்வரை அதைச் சுரண்டினாள்.

"நாளைக்கு அவையளுக்கு என்ன சொல்லப் போறாய்? பேர் எழுதித் தாறன் எண்டு சொன்னனீ" என்று பயந்து பயந்து கேட்டார்.

"தெரியாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்கு ஞானேஸ்வரன் பள்ளிக்கூட வாசலில் நின்றார். பேர் இல்லாத, பிறாண்டின பிஸ்கட்டோடு பிள்ளையை அனுப்பிவிட்டோமே என்று காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. செப்டெம்பரிலிருந்து தர்மிகா தனியாகத்தான் வெளியே வருவாள். வந்ததும் அவருக்கு ஒரு அடி முன்னால் நடப்பாள், கை கொடுக்கமாட்டாள்.

இன்றைக்கு அவள் பக்கத்தில் முகமெல்லாம் பச்சை மை பூசிய ஒரு பிள்ளை வந்தது. தர்மிகாவின் கையிலிருந்த பிஸ்கட் பெட்டி வெறுமை. அந்தப் பச்சை முகம்தான் எமிலி. உண்மையான பழைய கல்லறை மாதிரியே இருந்ததாம், பெயரெல்லாம் மழையில் கரைந்து போன மாதிரி எப்படிச் செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஹலோவீன் இரவில் இனிப்புக் கேட்டு வீடு வீடாகப் போகத் தங்களோடு தர்மிகாவையும் அனுப்புவீர்களா என்றும் கேட்டாள். ஞானேஸ்வரன் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

எமிலி போன பிறகு மெதுவாக விசாரித்தார். "அதில ஆற்றை பேர் இருந்ததெண்டு அவையள் கேக்கேல்லையோ?"

"கேட்டவை. எல்லாரும் கேட்டவை."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒருத்தற்றையும் இல்லை எண்டு சொன்னன். அங்க ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொன்னன்."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவள் முன்னால் போகவில்லை. பாதி வழியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கையைப் பிடித்தாள். அவருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவையளின்ர பேரெண்டா பகிடி எண்டனீ. உன்ர பேரும் பதினேழாவதா இருந்தது. அதுக்கும் பகிடி எண்டனீ. பிறகேன் என்ர பேருக்கு மட்டும் அழுதனீ?"

தர்மிகா நிறுத்தம் வரும்வரை யோசித்தாள்.

"தெரியாது அப்பா."

தெரியாது எண்டுறது ஒரு காரணமில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. பஸ் வந்தது. பாங்க் காட் வலப்பக்கப் பொக்கற்றில் இருந்தது, வலக்கை அவளிடம் இருந்தது. அவர் இடக்கையை உடம்பைச் சுற்றிக் கொண்டுபோய், பின்னால் நின்றவர்கள் பொறுமையிழக்க, காட்டை ஒருவாறு எடுத்து, பஸ் காசு கழிக்கும் இயந்திரத்தில் தொட்டுவிட்டு உள்ளே போனார்.