பதினாறாவது கேப்டன்

அவரைக் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியப்பா, அவ்வளவுதான். வயது நாற்பத்தொன்பது, நரைகூட அரைகுறையாகத்தான் விழுந்திருக்கிறது, ஆனாலும் பெரியப்பா. அதற்குக் காரணம் அவரேதான். பணிப்பெண் யாராவது இருமினால் "மாத்திரை போட்டியாம்மா?" என்பார். துணை விமானி வெறும் வயிற்றோடு வந்தால் தன் டப்பாவைத் திறந்து நீட்டுவார். கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்க இறங்கினால், டயரைப் பார்த்த கையோடு சாமான் ஏற்றுகிறவரின் முதுகுவலியையும் விசாரித்துவிட்டுத்தான் படியேறுவார். இப்படி ஒருத்தர் இருந்தால் வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

நல்ல மனுஷன், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஒரே ஒரு வியாதி உண்டு. நாலு பேர் முகம் வாடியிருந்தால் இவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அப்படித்தான் இரண்டு மாதம் முன்பு திறந்தது. கம்பெனி அப்போதே தள்ளாடிக்கொண்டிருந்தது. மலிவு டிக்கெட் விற்கிற சின்னக் கம்பெனி. ஏழு விமானம் நாலாகிவிட்டது. சம்பளம் பாதி பாதியாக வந்தது. வாரத்துக்கு ஒரு விமானி கம்பி நீட்டிக்கொண்டிருந்தார். விமானிகள் அறையில் கூட்டம் போட்டார்கள். நாலு விமானம் ஓடக் குறைந்தது பதினாறு கேப்டன் வேண்டும், சரியாகப் பதினாறு பேர்தான் மிச்சம், இன்னும் ஒருத்தர் போனால் ஒரு விமானத்தை நிறுத்த வேண்டியதுதான் என்றார் மேலாளர். அறையில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. உடனே நம்மாள் எழுந்தார். "யார் போனாலும் நான் போகமாட்டேன். கடைசி ஆளா இருந்து லைட்டை அணைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. சொல்லுங்கள், இவரை யார் கேட்டார்கள்?

வீட்டில் மனைவி அதையேதான் கேட்டாள். அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். நாளெல்லாம் டாக்டர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இவர் மனசைப் படிப்பது ஒரு பொருட்டே இல்லை.

"யாரைக் கேட்டுக்கிட்டு வாக்குக் குடுத்தீங்க?"

"பசங்க எல்லாம் பாவமா பாத்தாங்கடி."

"நம்ம பொண்ணு காலேஜ் போகப்போறா. அவளும் பாவமாத்தான் பாப்பா. அவளுக்கு என்ன வாக்குக் குடுக்கப்போறீங்க?"

பத்து நாள் புரண்டு புரண்டு படுத்தார். பதினோராம் நாள் யாருக்கும் தெரியாமல் பெரிய கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டார். அங்கிருந்து மறுவாரமே பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது.

பரீட்சை விமானத்தில் இல்லை, விமானத்தைப் போலவே ஆடுகிற ஒரு மூடிய பெட்டிக்குள். எஞ்சினில் தீ, காற்றில் ஆட்டம் என்று என்னென்னவோ காட்டினார்கள். பதினான்கு வருஷம் கேப்டனாக இருந்தவருக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. சறுக்கியது ரேடியோவில். ஒவ்வொரு கம்பெனிக்கும் ரேடியோவில் ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லித்தான் விமானி தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். சின்னக் கம்பெனி 'தும்பி', பெரிய கம்பெனி 'ராஜாளி'. இவர் மூன்று முறை 'தும்பி' என்றார். பரீட்சகர் மூன்று முறையும் பேனாவை எடுத்தார். பாஸ் போட்டுவிட்டு, "சேர்றதுக்குள்ள நாக்கைப் பழக்கிட்டு வாங்க கேப்டன்" என்று சொல்லி அனுப்பினார்.

பழக்கும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கட்டுப்பாட்டு அறை ஆனாள்.

"ராஜாளி இருநூத்திப் பத்து, எங்க இருக்கீங்க?"

"ராஜாளி இருநூத்திப் பத்து, அடுப்புக்குப் பத்தடி மேற்கே."

"ராஜாளி, அங்க சும்மா நிக்காம அந்தத் தேங்காயை உடைங்க."

குளிக்கும்போது ராஜாளி, கார் ஓட்டும்போது ராஜாளி, மகள் உப்பு கேட்டாலும் ராஜாளி. வேலை நியமனக் கடிதமும் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சின்னக் கம்பெனியில் ஒருத்தரிடமும் இவர் மூச்சு விடவில்லை. வெட்கம்தான், வேறென்ன! லைட்டை அணைக்கிற மனுஷன் முதல் ஆளாக வாசலைத் தாண்டுகிறார் என்று எந்த வாயால் சொல்வது?

புதன்கிழமை காலை. பக்கத்து இருக்கையில் கறார். அதுவும் பட்டப்பெயர்தான். இருபத்தெட்டு வயதுத் துணை விமானி. சரிபார்க்கும் பட்டியலில் ஒரு வரியை முணுமுணுத்துத் தாண்டினால்கூட விடமாட்டாள், "பெரியப்பா, மறுபடி முதல்ல இருந்து" என்பாள். விமானம் ஓட்டும் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை கிடைக்காமல் நாலு வருஷம் இதே விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குச் சீட்டு ஒட்டியவள் அவள். அந்த இருக்கையின் அருமை அவளுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. துணை விமானிகள் வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவளும் அவளே.

அன்று ஓட்டுவது அவள், ரேடியோ பேசுவது இவர். விமானம் தரையை விட்டு எழும்பியது. கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது. இவர் பொத்தானை அமுக்கி, கணீரென்று, "ராஜாளி நானூத்திப் பதினேழு" என்றார்.

ஊரே கேட்டது. அந்த நேரம் அந்தப் பக்கத்து வானத்தில் இருந்த அத்தனை விமானமும் கேட்டது. கட்டுப்பாட்டு அறை ஒரு கணம் தடுமாறி, அப்படி ஒரு விமானமே தன் கணக்கில் இல்லையே, யார் பேசுவது என்று கேட்டது. இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு "தும்பி, தும்பி நானூத்திப் பதினேழு" என்று திருத்தினார். எங்கிருந்தோ ஒரு குரல் பொத்தானை அமுக்கி, "வாழ்த்துகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறைந்தது. பெயர் சொல்லாவிட்டால் என்ன, தன் கம்பெனி வழுக்கை கேப்டனின் குரல் இவருக்குத் தெரியாதா?

கறார் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், அப்புறம் தன் வேலையைப் பார்த்தாள். பத்தாயிரம் அடி தாண்டும் வரை வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது சட்டம். அந்தப் பத்தாயிரம் அடி பெரியப்பாவுக்கு ஒரு யுகமாக ஏறியது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. பத்தாயிரம் தாண்டியது, பதினைந்தும் தாண்டியது. இருபதில்தான் கேட்டாள்.

"அங்க டெஸ்ட் எப்ப எழுதினீங்க சார்?"

"போன மாசம் இருபத்திரெண்டு."

"என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. பாஸாகி வேலைக் கடிதமும் வந்துச்சு. இருபத்தஞ்சாம் தேதியோட கெடு முடிஞ்சு போச்சு."

"கையெழுத்துப் போடலையா? ஏன்?"

"நீங்க இருப்பீங்கன்னு சொன்னீங்களே. அப்புறம் எப்படிப் போறதுன்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை. வழக்கத்தைவிடப் பூப்போல விமானத்தை இறக்கினாள். அதுதான் அவரை இன்னும் கொன்றது.

ஊர் திரும்பி விமானிகள் அறைக்கு வந்தால் வழுக்கை கேப்டன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், உரிமையோடு வையக்கூடியவர்.

"லைட்டு என்னடா ஆச்சு? பகல்லயே அணைச்சுட்டே போல?"

"சும்மா இருடா, வயித்தெரிச்சலைக் கிளப்பாதே."

"போறது தப்பில்லடா. பொண்ணு இருக்கா, போய்த்தான் ஆகணும். ஆனா கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டுப் போ. அன்னிக்கு நீ பேசினதுக்கு அப்புறம் ஒரு கேப்டனும் போகலை. நீ போனா பதினஞ்சு. ஒரு விமானம் நின்னுடும். நின்னா கடைசியாச் சேர்ந்தவங்க முதல்ல வீட்டுக்கு. முதல் ஆளு யாருன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்கு வெளியே கறார் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் வண்டி வரும்வரை இவரோடு நின்று கதையடித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே பெரியப்பா பெரிய கம்பெனி அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நியமனம் பார்க்கிற அம்மாள் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தாள். இவர் பேனாவைத் தொடாமல் கறாரின் கதையைச் சொன்னார், முழுக்கச் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"கெடு தாண்டினது தாண்டினதுதான் சார். ஆனா அந்தப் பொண்ணு பாஸானது ஒரு வருஷம் செல்லும். ஆறு மாசத்துல அடுத்த பேட்ச் எடுக்கிறோம், அதுல வரட்டும். ஒண்ணே ஒண்ணு, அதுவரைக்கும் விடாம பறந்துகிட்டு இருக்கணும். நடுவுல மூணு மாசம் சும்மா உக்காந்தா எல்லாம் முதல்ல இருந்துதான்."

"நானும் அந்தப் பேட்ச்லயே வரலாமா?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "நல்லா யோசிச்சுத்தான் கேக்கறீங்களா? இங்க எல்லாமே சேர்ந்த தேதிதான். லீவு, எந்த ஊருக்குப் பறக்கிறது, எல்லாத்துக்கும் அதுதான் வரிசை. ஆறு மாசம் தள்ளிச் சேர்ந்தா நாப்பது கேப்டன் உங்களுக்கு முன்னாடி போயிடுவாங்க. நீங்க ரிடையர் ஆகிற வரைக்கும் அவங்க முன்னாடிதான். அது போக, உங்க கம்பெனி ஆறு மாசம் தாங்குமா? நடுவுல மூடிட்டா நீங்களும்தான் சும்மா உக்காரணும்."

தாங்குமா என்பது ஆண்டவனுக்கே தெரியாது. பெரியப்பாவுக்கு மகள் ஞாபகம் வந்தது, மனைவி ஞாபகம் அதைவிடப் பயங்கரமாக வந்தது. பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்க அவருக்குத் தெரியாது. அடுத்த பேட்ச் என்று எழுதச் சொல்லி, எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மருந்துக்கடைக்கே நேராகப் போய்ச் சொன்னார். மனைவி ஒரு பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாப்பது பேரா?" என்றாள் கடைசியில்.

"நாப்பது."

"வாக்குக் குடுக்கும்போதும் என்னைக் கேக்கலை. காப்பாத்தும்போதும் கேக்கலை."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்!" என்று வெடித்தாள். கடைக்கு வந்தவர் ஒருத்தர் இரண்டடி பின்னால் போனார். "வேண்டாம்னு சொல்லியிருப்பேன், நீங்களும் சரின்னு கையெழுத்துப் போட்டிருப்பீங்க. அப்புறம் அந்தப் பொண்ணு முகத்தை நினைச்சு நினைச்சு என் உசுரை வாங்கியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?" கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல அவளுக்குச் சொல்லுங்க. இந்தத் தடவையாவது வேற யார் மூலமாவும் தெரிய வேண்டாம்."

திங்கட்கிழமை பட்டியலில் மறுபடி இருவருக்கும் ஒரே விமானம். பயணிகள் இன்னும் ஏறவில்லை. கறார் திரைகளில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். வணக்கம் சொன்னதோடு சரி.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த பேட்ச், ஆறு மாதம், விடாமல் பறக்க வேண்டியது, தான் கையெழுத்துப் போட்டது, போகாமல் இருந்தால் நாலாவது விமானம் நிற்காது என்பது எல்லாம். கறாரின் விரல் எண்களின் மேல் அப்படியே நின்றது.

"யார் சார் உங்களைக் கேட்டா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "நாப்பது பேருக்குப் பின்னாடி போறேன்னு யார் உங்களைக் கேட்டா?"

"யாரும் கேக்கலம்மா. கேக்காமலே வாய் விட்டது நான்தானே. மன்னிச்சிடு. அதைச் சொல்லாம ஒளிச்சு வச்சேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு."

வெளியே பயணிகளின் பேருந்து வந்து நின்றது.

"ஒரு தடவை உங்க வார்த்தையை அப்படியே நம்பி நான் பட்டது போதும் சார். சரியாச் சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன்."

இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் சொன்னதை மற்றவர் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னால்தான் அது செல்லும், அதுவரை அது காற்றோடு போன பேச்சு. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆறு மாசத்துல நீயும் நானும் ஒரே நாள்ல சேர்றோம். அதுவரைக்கும் நான் இங்கதான் பறப்பேன்."

"ஆறு மாசத்துல நானும் நீங்களும் ஒரே நாள்ல சேர்றோம். அதுவரைக்கும் நீங்க இங்கதான் பறப்பீங்க. நடுவுல கம்பெனி கவுந்தா, ரெண்டு பேருமாச் சேர்ந்து பெட்டிக்குச் சீட்டு ஒட்டுவோம்."

"அந்தக் கடைசி வரி நான் சொல்லலையே."

"நான் சேத்துக்கிட்டேன். சரின்னு சொல்லுங்க பெரியப்பா, ஜனங்க ஏற ஆரம்பிச்சுட்டாங்க."

"சரி" என்றார் அவர்.